கணவனோ மனைவியோ சம்மதிக்காவிட்டால், விவாகரத்துக்குக் குற்றத்தை நிரூபித்தே ஆக வேண்டுமா? இந்தச் சட்டம் மாற வேண்டாமா?

இந்து திருமணச் சட்டப்படி இன்றைக்கும் அப்படித்தான். மாற வேண்டும் என்பது என் கட்சி, ஒரு நிபந்தனையோடு.

1955-ல் வந்த சட்டம் அது. அதன் 13-வது பிரிவில் தகாத உறவு, கொடுமை, இரண்டு ஆண்டுகள் கைவிட்டுப் போனது, மதமாற்றம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 1976-ல் பரஸ்பர சம்மதத்துக்கு 13பி சேர்த்தார்கள். ஆனால் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் திரும்பவும் பழைய பட்டியல்தான்.

என் சித்தி மகள் வழக்கில் கூடவே அலைந்தவன் நான். அவளுக்கும் அவள் கணவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். வக்கீல் எடுத்ததுமே கேட்டார், "அடிப்பாராம்மா?" இல்லை என்றாள். "குடி? வேற தொடர்பு? மாமியார் ஏதாவது?" அவரைக் குறை சொல்ல முடியாது, சட்டம் கேட்பதைத்தான் அவர் கேட்டார். இவளுக்குக் காய்ச்சல் இருந்தபோது கணவர் வேலையாக வெளியூர் போனது, மனுவில் 'ஈவிரக்கமற்ற புறக்கணிப்பு' என்று தனிப் பத்தியாக ஏறியது. அவர் தரப்புப் பதில் மனு சும்மா இருக்குமா? இவளுக்கு மனநிலை சரியில்லை என்று வந்தது. அதுவரை போனில் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதோடு பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில், "ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்தா கையெழுத்துப் போடுறேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். எழுதிக் கொடுத்தாள். குற்றம் கேட்கிற சட்டம் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பேரம்தான் ஞாபகம் வரும். சம்மதத்தைக் கையில் வைத்திருப்பவர் சொன்னதுதான் விலை.

மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாமே என்று நவீன் கோலி வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. அதற்கான மசோதா 2013-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையில் நிறைவேறாமல் காலாவதியானது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றமே அப்படி விவாகரத்து தரலாம் என்றது. ஆனால் அதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. குடும்ப நல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரமும் இல்லை. வாய்தா வாய்தாவாக நடப்பவர்கள் எத்தனை பேர் டெல்லி வரை போவார்கள்?

இங்கிலாந்திலும் இந்தக் கூத்து இருந்தது. ஓவன்ஸ் வழக்கில் 2018-ல், முறிந்துபோன திருமணம் என்று ஒப்புக்கொண்டே நீதிமன்றம் அந்த மனைவிக்கு விவாகரத்து மறுத்தது. 2022 ஏப்ரலிலிருந்து அங்கே யார் மீதும் பழி போடாமல், திருமணம் முறிந்துவிட்டது என்று ஒருவர் மட்டும் சொன்னாலே போதும்.

இனி நிபந்தனை. வருமானம் இல்லாத மனைவியை, 2013 மசோதா கேட்டபடி மூன்று வருடம் தனியே இருந்தாயிற்று என்று கழற்றிவிட இது வழியாகிவிடும் என்ற பயம் நியாயமானது. அந்த மசோதாவிலேயே, கடும் பணக்கஷ்டம் வரும் என்றால் மனைவி எதிர்க்கலாம் என்று இருந்தது. அது போதாது என்பேன். ஜீவனாம்சமும் பிள்ளைகள் செலவும் முடிவாகாமல் தீர்ப்பே வரக்கூடாது. 'கொடுமை'யைச் சட்டத்திலிருந்து எடுக்கவும் வேண்டாம். அடிபடுகிறவளை மூன்று வருடம் காத்திரு என்று எப்படிச் சொல்வது?