ப்ளூடூத் 5.3 உள்ள ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அப்பாவுக்கு வாங்கப்போகும் காது மெஷினில் போன் பேச்சு நேராகக் கேட்குமா?

அந்த 5.3 என்ற எண்ணை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். பேச்சை அனுப்புவதற்கு மெஷினுக்கும் போனுக்கும் ஒரே முறை தெரிந்திருக்க வேண்டும். அது பெட்டியில் எழுதியிருக்கும் என்று நம்ப முடியாது.

ஐபோனுக்கு ஆப்பிள் வகுத்த தனி முறை உண்டு. அதில் இணையும் மெஷின்கள் 2014-லேயே விற்பனைக்கு வந்துவிட்டன. ஆண்ட்ராய்டுக்குக் கூகுளின் ‘ஆஷா’ முறை 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன்தான் வந்தது. அதையும் போன் கம்பெனி அந்த மாடலில் சேர்த்திருந்தால்தான் உண்டு. ப்ளூடூத்திலேயே புதிதாக வந்திருக்கும் எல்.ஈ. ஆடியோ என்ற முறைக்கு ப்ளூடூத் 5.2-ஆவது வேண்டும், ஆனால் 5.3 போட்ட எல்லாப் போனிலும் அது இருக்கும் என்பதில்லை. சாதாரண ஹெட்செட் போலப் பழைய ப்ளூடூத்திலேயே சேரும் மெஷின்களும் உண்டு. அவை அநேகமாக எந்தப் போனோடும் ஒத்துப்போகும், சார்ஜ்தான் சீக்கிரம் இறங்கும்.

மன்னார்குடியில் என் அப்பாவுக்கு வாங்கியபோது கடைக்காரர் போனில் ஆப்பைத் திறந்து, “கனெக்ட் ஆயிடுச்சு பாருங்க சார்” என்றார். ஆப்பில் சத்தம் கூட்டினால் மெஷினில் கூடியது. வீட்டுக்கு வந்து துபாயிலிருந்து தங்கை கூப்பிட்டால் பேச்சு போன் ஸ்பீக்கரில்தான் வந்தது. மெஷினைக் கட்டுப்படுத்துவது வேறு, அதற்குள் பேச்சை அனுப்புவது வேறு. முதலாவது மட்டும் நடந்தாலும் ஆப் ‘கனெக்டட்’ என்றே காட்டும். இதை விற்கும்போதே சொல்லாதது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். வயதானவர்களுக்குக் குழந்தைகளுடையது போன்ற கீச்சுக் குரல்தான் முதலில் நழுவும், பேத்தி பேசுவது காதில் விழ வேண்டும் என்றுதானே அவ்வளவு பணம் கொடுக்கிறோம்?

ஆகவே அப்பாவையும் அவருடைய போனையும் கடைக்கே அழைத்துப் போங்கள். மெஷினை மாட்டிவிட்டு வெளியே நின்று நீங்களே கூப்பிடுங்கள், சாதாரண கால் ஒரு தடவை, வாட்ஸப் கால் ஒரு தடவை. ஒன்று கேட்டு மற்றது கேட்காமல் போவதுண்டு. இணைப்பதையும் ஆப்பில் மட்டும் செய்துவிட்டு விடாமல், செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டிக்குள் காது மெஷினுக்கென்று இருக்கும் இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆஷாவில் பேச்சு மெஷினுக்குள் வரும், அப்பா பேசுவது போனின் மைக் வழியாகத்தான் போகும். போனை வேட்டி மடியில் செருகிக்கொண்டு பேசினால் எதிர்முனைக்குச் சரியாகக் கேட்காது. நம் உடம்பே ப்ளூடூத் அலையைத் தடுப்பதால் ஒரு பக்க மெஷினில் விட்டுவிட்டும் வரும். சட்டைப் பை நல்லது, கையில் பிடித்துப் பேசுவது அதைவிட நல்லது.

ஏற்கெனவே வாங்கிய மெஷின் ஒத்துவரவில்லை என்றால் உடனே போனை மாற்றாதீர்கள். அதே கம்பெனி, போன் பேச்சை வாங்கி மெஷினுக்கு அனுப்பும் ஸ்ட்ரீமர் என்ற கழுத்தில் மாட்டும் கருவியை அந்த மாடலுக்கென்று விற்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதில் மைக்கும் இருந்தால் போன் மேசையிலேயே கிடக்கலாம்.