குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினால் அரசுக்கு என்ன செலவாகும்?

சட்டத்தில் சில வரிகளை மாற்றுவதற்கு அரசுக்கு அப்படி என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலியில் அரசு அலுவலகங்களின் செலவுப் பட்டியல்களைச் சரிபார்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: செலவு உண்டு, ஆனால் சட்டம் இயற்றுபவரும் பணம் கொடுப்பவரும் பெரும்பாலும் ஒருவரல்லர்.

மக்களவை விதிகளின்படி, செலவு பிடிக்கும் மசோதா எதுவானாலும் அதனுடன் ஒரு நிதிக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். தொடர் செலவு எவ்வளவு, தொடராச் செலவு எவ்வளவு என்ற மதிப்பீடும் அதில் இருக்க வேண்டும். குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவைப்படுவதோ, மத்திய அரசின் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து செலவாகும் மசோதாக்களுக்குத்தான். ஆனால் காவல் துறையும் சிறைச்சாலையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை; அவற்றின் செலவு மாநிலத்தின் தலையில்தான். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது, ஊடுருவல் பாலியல் வன்கொடுமைக்கான குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்ந்தது. அந்தக் கூடுதல் மூன்று ஆண்டுகளுக்குக் குற்றவாளிக்குச் சோறு போட்டுக் காவல் காக்கும் செலவைப் பாளையங்கோட்டை மத்தியச் சிறை வழியாகத் தமிழ்நாடு அரசுதான் ஏற்க வேண்டும். தண்டனையை உயர்த்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஒரு விலை உண்டு என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு பிரிவு எவ்வளவு பணம் கேட்கும் என்பதை எங்கள் பகுதியிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்க ஒவ்வொரு மாவட்டத்துக்கும் குறைந்தது ஒரு குழந்தைகள் நலக் குழு வேண்டும், அதில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருக்க வேண்டும், குழு மாதத்தில் 20 நாட்களாவது கூட வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் வந்தபோது, ஒருவருக்குத் தரும் அமர்வுப்படி ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றிருந்தது. ஐந்து பேருக்கு, மாதம் 20 அமர்வு என்று வைத்தால், ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய்; இது அமர்வுப்படி மட்டுமே. அலுவலக அறை, வாகனம், கணினி, ஆற்றுப்படுத்துநர் சம்பளம் எல்லாம் இதற்கு மேல். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்ததும், சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறாமலேயே இந்தச் செலவுக்கு இன்னொரு கணக்குத் தலைப்பு உருவாகிவிட்டது. 38 மாவட்டங்களுக்கும் பெருக்கினால் இந்த ஒரு பிரிவு மட்டுமே ஆறு கோடியே எண்பத்து நான்கு லட்சத்தைத் தொடுகிறது.

நீதிமன்றச் செலவு இதைவிடப் பெரிது. போக்சோ வழக்குகளுக்காக மட்டும் இயங்கும் 389 நீதிமன்றங்கள் உட்பட 1,023 விரைவு சிறப்பு நீதிமன்றங்களுக்கு 2019இல் ஓராண்டுக்கென்று மத்திய அரசு மதிப்பிட்ட தொகை 767.25 கோடி ரூபாய். அதில் 474 கோடி, பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியிலிருந்து வந்தது. மீதி மாநிலங்களின் பங்கு. விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம் 2012லேயே சொல்லிவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒற்றை வரிக்கான பணம் வந்து சேர ஏழாண்டு ஆகியிருக்கிறது.

சில திருத்தங்கள் செலவே இல்லாததைப் போலத் தோன்றும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் தத்தெடுப்பு ஆணை வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றியது. புதிய பணியிடம் எதுவும் இல்லை. ஏற்கெனவே திங்கள்தோறும் கொக்கிரகுளத்தில் குறைதீர் மனுக்கள் குவியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் இன்னொரு கோப்பு சேர்ந்தது, அவ்வளவுதான்.

எனக்கு உள்ளபடியே வருத்தம் தருவது வேறொன்று. அரசு ஒதுக்காத பணத்தைக் கடைசியில் குழந்தையின் வீட்டார்தான் கட்டுகிறார்கள். முக்கூடல் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்குக் குழந்தையுடன் வரும் தாய், பீடி சுற்றும் சுளகை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் புறப்படுகிறார். ஆயிரம் பீடி சுற்றினால் அந்த ஆயிரத்துக்குரிய கூலி. சுற்றாத நாளுக்கு ஒன்றுமில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் போகலாம். வாய்தா போட்டுத் திருப்பி அனுப்பினால் போன கூலியை யார் தருவது?

இதற்கும் விதி இருக்கிறது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கும் சிறப்பு நிவாரணம் ஒரு வாரத்துக்குள் வழங்கப்பட வேண்டும். குழந்தைக்குத் துணையாக நியமிக்கப்படும் ஆதரவு நபருக்குத் திறன்மிகு தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட ஒரு செலவுப் பட்டியல், கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தும், "ஒதுக்கீடு இல்லை" என்ற ஒற்றைக் குறிப்போடு ஓர் அலுவலகத்துக்குத் திரும்பிச் சென்றதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். திருப்பி அனுப்பியவர் மீது தவறில்லை. கணக்குத் தலைப்பில் பணம் இல்லாமல் எவரும் பட்டியலை அனுமதிக்க முடியாது.

ஆகவே அடுத்த திருத்த மசோதா வரும்போது தண்டனை எத்தனை ஆண்டு என்பதோடு நிறுத்திவிடாமல், அதன் நிதிக் குறிப்பையும், அதே ஆண்டு மாநில வரவுசெலவுத் திட்டத்தில் சமூக நலத்துக்கும் நீதி நிர்வாகத்துக்கும் உரிய மானியக் கோரிக்கைகளையும் (துறைவாரியாகப் பணம் கேட்கும் பகுதிகளையும்) சேர்த்துப் படியுங்கள். இரண்டிலும் தொகை இல்லையென்றால், அந்தச் செலவை முக்கூடல்காரர்தான் செய்யப் போகிறார்.