ஆயிரம் சொற்களை மனப்பாடம் செய்தும் எஸ்.ஏ.டி. தேர்வில் அவை ஏன் கைகொடுப்பதில்லை?

தேர்வுக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருப்பதாகவும், ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை நாளொன்றுக்கு ஐம்பது வீதம் படித்து வருவதாகவும், மறுவாரமே அவற்றில் பாதி மறந்துபோவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான இந்த எஸ்.ஏ.டி. தேர்வை இரண்டு முறை எழுதியவன் நான். முதல் முறை நீங்கள் செய்வதையேதான் செய்தேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், மறதி உங்கள் சிக்கலில் ஒரு பகுதி மட்டுமே. மறந்த சொற்களால் நான் இழந்த மதிப்பெண்களைவிட, நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த சொற்களால் இழந்தவையே அதிகம். இது எனக்கு உறைக்கவே வெகுநாள் ஆயிற்று.

முதலில் பட்டியலைப் பற்றி. எனக்குக் கிடைத்த பட்டியல் பழைய வடிவத் தேர்வுக்காகத் தொகுக்கப்பட்டது. உங்களுடையதும் அப்படித்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இத்தேர்வில் எதிர்ச்சொல் வினாக்கள் இருந்தன. அவை 1994-இல் நீக்கப்பட்டன. சொல் ஒப்புமை வினாக்கள் 2005-இலும், அரிய சொற்களைக் கொண்டு வாக்கியத்தை நிரப்பும் வினாக்கள் 2016-இலும் போய்விட்டன. இப்போது கணினியில் நடைபெறும் தேர்வில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவு 27 வினாக்கள் வீதம் இரண்டு பகுதிகளாக, ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடங்கள் என்ற கணக்கில் வருகிறது. ஒவ்வொரு வினாவுக்கும் 25 முதல் 150 சொற்கள் வரையிலான சிறு பத்தி உண்டு. சொல் வினாக்களில் பெரும்பாலும் அந்தப் பத்தியில் ஓர் இடம் காலியாக விடப்பட்டு, பத்தியின் போக்குக்கு மிகத் துல்லியமாகப் பொருந்தும் சொல் எது என்று கேட்கப்படுகிறது. சில வேளைகளில் பத்தியிலுள்ள ஒரு சொல் அந்த இடத்தில் தரும் பொருளைக் கேட்கிறார்கள். அகராதியின் மூலையில் கிடக்கும் சொற்களை அறிந்திருப்பதால் இங்கே பெரிய ஆதாயம் இல்லை.

நான் சறுக்கிய இடம் ‘குவாலிஃபை’ என்ற சொல். பயிற்சித் தேர்வு ஒன்றில், ஓர் ஆராய்ச்சியாளர் தம் முந்தைய கூற்றைக் ‘குவாலிஃபை’ செய்தார் என்று வந்திருந்தது. தகுதி பெறுதல் என்ற ஒரே பொருளை மனத்தில் வைத்திருந்த நான், கூற்றுக்குத் தகுதி சேர்த்தார் என்பதுபோல் ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையில் அங்கே அதன் பொருள், கூற்றுக்கு நிபந்தனை விதித்து அதன் வீச்சைக் குறைத்தல் என்பதாகும். ‘செக்’ என்பது தடுத்து நிறுத்துதலையும், ‘சாம்பியன்’ என்பது வினைச்சொல்லாக வரும்போது ஒரு கருத்துக்காக வாதாடி ஆதரித்தலையும், ‘நாவல்’ என்பது புதுமையானதையும் குறிக்கும். பலபொருள் ஒருசொல் என்று நம் இலக்கணம் சொல்வது இதைத்தான். ‘பொருள்’ என்ற சொல்லே அர்த்தம், செல்வம், பண்டம் என்று இடத்துக்கேற்ப மாறுகிறதல்லவா? சூடாமணி நிகண்டு இத்தகைய சொற்களுக்கென்றே தன் பதினோராம் தொகுதியை ஒதுக்கியிருக்கிறது என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, அந்த ஒரு தொகுதியின் உத்தியை மட்டும் முன்பே கடன் வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது.

இதற்கு அடுத்தபடியாக என்னை ஏமாற்றியவை, பொருள் ஒன்றாகவும் சாயல் வேறாகவும் உள்ள சொற்கள். சிக்கனம், கஞ்சத்தனம் ஆகிய இரண்டுமே குறைவாகச் செலவிடுவதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஒருவரைப் பாராட்ட விரும்பினால் இரண்டாவதை நாம் வாய்தவறியும் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரூகல்’, ‘மைசர்லி’ ஆகியவற்றுக்கு இடையே இதே தூரம் உண்டு. பட்டியல் இரண்டுக்கும் எதிரே ஒரே பொருளை எழுதி வைத்துவிட்டால், பத்தி பாராட்டுகிறதா பழிக்கிறதா என்பதைக் கொண்டு விடை காண வேண்டிய இடத்தில் நமக்குக் கையில் ஒன்றும் இருக்காது. எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இடும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன். அற்பமான வேலைதான், ஆனாலும் இரண்டாம் முறை எனக்கு மிகவும் உதவியது அதுவே.

இனி மறதிக்கு வருகிறேன். 2008-இல் உளவியலாளர்களான ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்கள் ஆங்கிலப் பொருளோடு கற்பிக்கப்பட்டன. ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதைத் தொடர்ந்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள்; அவ்வாறு சோதித்துப் பார்ப்பதை நிறுத்தியவர்கள், திரும்பத் திரும்பப் படித்திருந்தாலும்கூட, மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே நின்றுவிட்டார்கள். நீங்கள் ஐம்பது சொற்களைப் படிக்கிறீர்கள் என்று எழுதியிருப்பதில் எனக்கு ஐயம் எழுவது இங்கேதான். பொருளை மூடி வைத்துவிட்டு, நினைவுக்கு வரும்வரை சில நொடிகள் தடுமாறுகிறீர்களா, அல்லது சொல்லையும் பொருளையும் ஒருசேரப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போகிறீர்களா? நான் இரண்டாவதைச் செய்துகொண்டு, பாடம் ஏறிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை நாளுக்குப் பத்துச் சொற்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. அட்டையின் முன்பக்கத்தில் தனிச் சொல்லை எழுதாமல், அது வரும் ஒரு வாக்கியத்தைக் காலியிடத்தோடு எழுதினேன். பின்பக்கத்தில் அந்தச் சொல்லும், அதன் சாயல் குறியும், நானே அமைத்த வேறொரு வாக்கியமும் இருந்தன. விடை சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறிய அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும், பின்னாலுள்ள பெட்டிகளை நாள் இடைவெளி கூட்டிக்கூட்டித் திறக்க வேண்டும் என்பது செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய முறை. அட்டையும் பெட்டியும் வைக்க இடமில்லையென்றால் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ‘அங்கி’ என்ற செயலி இதுபோன்ற கணக்கைப் போட்டுத் தரும். ஆனால் பிறர் ஆயத்தம் செய்த அட்டைத் தொகுப்பைப் பதிவிறக்காதீர்கள். வாக்கியத்தைத் தேடி எழுதும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வேர்ச்சொற்களைக் கற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மந்தையைக் குறிக்கும் லத்தீன் வேர் ஒன்றிலிருந்து ‘கிரிகேரியஸ்’, ‘செக்ரிகேட்’, ‘அக்ரிகேட்’ எல்லாம் கிளைத்திருப்பதை அறிவது சுவையானது, நினைவுக்கும் நல்லது. தெரியாத சொல்லை ஊகிப்பதற்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். ‘எனர்வேட்’ என்பதை ‘எனர்ஜி’யின் உறவு என்று எண்ணி, ஊக்கமூட்டுதல் என்று விடையளித்தவன் நான், அதன் பொருள் வலுவிழக்கச் செய்தல்.

தேர்வறையில் பின்பற்றிய ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விடைகளைப் பார்க்கும் முன் காலியிடத்தை என் சொந்தச் சொல்லால், தயக்கமின்றித் தமிழிலேயே, நிரப்பிக்கொள்வேன். பிற ஆய்வகங்களும் அதே முடிவைக் கண்ட பிறகே அவருடைய கோட்பாடு ‘இப்படி’ ஆயிற்று என்று பத்தி சொன்னால், ‘உறுதிப்பட்டது’ என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு, பிறகு விடைகளில் ‘கரோபரேட்’ இருக்கிறதா என்று தேடுவேன். நான்கு விடைகளையும் முதலில் பார்த்துவிட்டால், கம்பீரமாக ஒலிக்கும் சொல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

உங்கள் பட்டியலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரே ஒருநாள் உட்கார்ந்து முழுவதையும் பென்சிலோடு வாசித்து, ஒவ்வொரு சொல்லையும் வைத்து உடனே ஒரு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தவற்றை அடித்துவிட்டு, அறிவியல் கட்டுரைகளிலோ வரலாற்று நூல்களிலோ ஒருபோதும் கண்டிராதவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். எனக்கு அப்படி மிஞ்சியவை நானூறுக்கும் குறைவு. நாளுக்குப் பத்து என்றால் நாற்பது நாள் வேலை. பயிற்சித் தேர்வுகளில் தவறவிடும் சொற்கள் நடுநடுவே சேரும். கடைசி இரண்டு வாரங்களில் புதுச் சொல் எதையும் தொடாமல், முதல் பெட்டியில் இன்னும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் அட்டைகளை மட்டும் பாருங்கள். என்னிடம் அப்படி முப்பத்தொன்று மிஞ்சின.