போரில் எதைச் செய்யக்கூடாது என்று யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மதங்கள் சொல்கின்றனவா?

சொல்கின்றன. யூத வேதமான தோராவின் ஒரு நூல் உபாகமம். அதன் 20-ஆம் அதிகாரம், ஒரு நகரைத் தாக்கும் முன் சமாதானம் பேசச் சொல்கிறது. முற்றுகையின்போது பழமரங்களை வெட்டக்கூடாது என்கிறது. ஆனால் இஸ்ரவேலர் கைப்பற்றப் போன கானான் நாட்டின் நகரங்களில் எவரையும் உயிரோடு விடாதே என்பதும் அதே அதிகாரம்தான். இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. அந்த இனங்கள் மற்றவர்களோடு கலந்து மறைந்துவிட்டன என்று பிற்கால ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள், அந்தக் கதவைச் சாத்தினார்கள். இதைப் பெரிய விஷயமாகவே நான் பார்க்கிறேன்.

உங்களோடு போரிடுபவர்களோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்கிறது குர்ஆன் 2:190. நபிகளுக்குப் பின் முஸ்லிம்களின் முதல் தலைவரான கலீஃபா அபூபக்கர் சிரியாவுக்குப் படை அனுப்பும்போது, பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லாதீர்கள் என்றதாக மரபு சொல்கிறது. பழமரத் தடை அதிலும் உண்டு!

கிறிஸ்தவத்தில் தொடக்ககால ஆசிரியர்கள் பலர் போரையே ஏற்கவில்லை. அப்புறம் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகுஸ்தீன் வழியில், 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், ஒரு போர் நியாயமானதாக இருக்க மூன்று நிபந்தனைகள் வைத்தார்: உரிய அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம்.