நான்கு பக்கமும் அளந்தேன். ஏழு பேர்ச்சஸ் வருமா?

கேள்வி: டிக்கோயாவில் நான் வாங்க நினைத்திருக்கும் காணித்துண்டின் பக்கங்களைச் சுற்றிவர அளந்தபோது 39, 52, 60, 25 அடி வந்தன. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கினால் சரியாக 7 பேர்ச்சஸ் என்கிறார் விற்பவர். நம்பலாமா? வேலிக்கு எவ்வளவு முட்கம்பி வேண்டும்?
- வாசகர், ஹட்டன்

பதில்: விற்பவரின் பெருக்கலில் பிழையில்லை. சராசரிகள் 49.5, 38.5, பெருக்கினால் 1905.75 சதுர அடி. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி என்பதால் அது அச்சொட்டாக 7 பேர்ச்சஸ்தான். பிழை முறையில் இருக்கிறது. செவ்வகத்தைத் தவிர வேறெந்த நாற்பக்கலுக்கும் இம்முறை உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். விற்பவர்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை.

தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்துவிட்டு வெளிக்கூட்டை மெல்ல நசுக்கிப் பாருங்கள். பக்கங்களும் சுற்றளவும் அப்படியே இருக்க, அதன் வாய் மட்டும் ஒடுங்கிக்கொண்டே போகும். ஆகவே நான்கு பக்கங்களோடு ஒரு மூலைவிட்டமும் தெரிந்தால்தான் பரப்பளவைச் சொல்ல முடியும்.

ஆனாலும் உச்ச வரம்பு ஒன்று உண்டு. விற்பவர் சொன்ன பருமட்டான கணக்கையும் அதனருகிலேயே நுட்பமான கணக்கையும் கி.பி. 628 இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் எழுதிவைத்தார். சுற்றளவின் பாதியான 88 இலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 49, 36, 28, 63. இவற்றின் பெருக்கத்துக்கு வர்க்கமூலம் 1764. நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமையும்போது கிடைக்கும் பரப்பு இது. இப்பக்கங்களை எப்படி வளைத்தாலும் இதற்கு மேல் போகாது. அதாவது, ஏறத்தாழ 6.48 பேர்ச்சஸ். உங்கள் காணி 7 பேர்ச்சஸாக இருக்கவே முடியாது.

39, 52 அடிப் பக்கங்கள் ஒருபுறமும் மற்றவை மறுபுறமும் விழும்படி மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். அது 65 அடியானால் இரண்டும் செங்கோண முக்கோணங்கள். 1014 உம் 750 உம் சேர்ந்து அதே 1764 வரும். கூடினாலோ குறைந்தாலோ பரப்பு அதனிலும் சிறியது.

நம் மலைச்சரிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நில அளவையாளர் படத்தில் குறிப்பது கிடைத்தள அளவு; 11 அடி இறங்கும் சரிவில் 61 அடி காட்டும் நாடா, கிடையாக 60 அடியே. நாடாவைத் தரையோடு கிடத்தி அளந்திருந்தால், மட்டமாகப் பிடித்து, துண்டு துண்டாகத் தூக்குக்குண்டு விட்டு மீண்டும் அளக்க வேண்டும்.

வேலிக்கோ சரிவு வழியே அளந்த நீளம்தான் வேண்டும். உங்கள் அளவுகள் அப்படி எடுத்தவையானால் சுற்றளவு 176 அடி. மூன்று வரிக் கம்பிக்கு 528 அடி. தூண்களில் சுற்றிக் கட்டுவதற்குச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். முற்பணம் கொடுப்பதை மட்டும் மூலைவிட்டம் அளக்கும் வரை தள்ளிப்போடுங்கள்.