மணமேடை காட்பாடியில், மாமா நியூஜெர்சியில்

கேள்வி: ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணத்தை வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு முடிக்கலாம் என்றிருக்கிறோம். முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. என் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன், நியூஜெர்சியில் இருக்கிறான். விசா சிக்கலால் வர முடியாது. சிங்கப்பூரிலும் துபாயிலும் சொந்தக்காரர்கள் உண்டு. எல்லாருக்கும் நேரலையில் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன், "போன் ஒண்ணு போதும் ஆன்ட்டி" என்கிறான். போதுமா?
- வாசகி, காட்பாடி

பதில்: போதும்மா, ஆனால் அந்தப் போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள். 2020 ஊரடங்கில், ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்த சமயம், குடியாத்தத்தில் எங்கள் அக்கா மகன் கல்யாணத்தை இப்படித்தான் காட்டினோம். போன் சித்தப்பா கையில். கெட்டிமேளம் என்றதும் அவரும் அட்சதை போடக் கையைத் தூக்கிவிட்டார். வெளிநாட்டில் கண் விழித்து உட்கார்ந்திருந்தவர்கள் தாலி கட்டும் நேரத்தில் பார்த்தது பந்தல் துணியை. அதைவிடப் பெரிய கூத்து சத்தம்தான். ஜூமில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி தானாகவே வேலை செய்யும், அதற்கு நம்ம நாதஸ்வரமும் இரைச்சல்தான்! தவில்காரர் கை பறக்கிறது, சத்தத்தைக் காணோம். ஆடியோ செட்டிங்ஸில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கும், அதை முதல் நாளே போட்டு, யாரையாவது ஊதச் சொல்லிப் பாருங்கள்.

போனை ஸ்டாண்டில் மாட்டி, ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்துங்கள். தாலி கட்டும்போது முன்வரிசை மொத்தமும் எழுந்துவிடும், அப்போது வெறும் முதுகுதான் தெரியும். மணமக்கள் கிழக்கு பார்த்து உட்காருவார்கள் என்றால் போனும் கிழக்குப் பக்கம் அவர்களுக்கு எதிரே இருக்கட்டும். வெயில் போனின் முதுகில் விழும், பொண்ணு மாப்பிள்ளை முகம் பளிச்சென்று தெரியும். ஹோமப் புகை அடிக்காத இடமாகப் பாருங்கள்.

ஜூமை இலவசமாக வைத்தால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், ஐயர் அதற்குள் முடிக்க மாட்டார். அதனால் ஒரு மாதத்துக்குக் காசு கட்டிவிடுங்கள், அதில் தம்பி மாதிரி பேச வேண்டிய நாலைந்து வீடுகள் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு யூடியூப் லிங்க். ஆனால் போனிலிருந்து யூடியூப் நேரலை போட அந்தச் சேனலுக்கு 50 சந்தாதாரர்களாவது வேண்டும், முதல்முறை அனுமதி வர 24 மணி நேரம்கூட ஆகலாம். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் உட்கார்ந்து நோண்டினால் நடக்காது. வைஃபை பெட்டியை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். வேறு கம்பெனி சிம் போட்ட இன்னொரு போன் பக்கத்தில் தயாராக இருக்கட்டும், முந்தின ராத்திரி இடி மழையில் கேபிள் போனால் அதுதான் கை கொடுக்கும்.

அழைப்பை அனுப்பும்போது நேரத்தை ஊருக்கு ஊர் தனியாக எழுதுங்கள். நம்ம ஞாயிறு காலை 6 மணி நியூஜெர்சியில் சனிக்கிழமை ராத்திரி 8.30. வெறுமனே "ஞாயிறு" என்று போட்டால் அவர்கள் ஒரு நாள் கழித்து வந்து நிற்பார்கள். சிங்கப்பூரில் 8.30, பிரச்சினை இல்லை. துபாயில் விடியற்காலை 4.30, அவர்கள் தூங்கிவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரை வெறும் பார்வையாளராக உட்கார வைக்காதீர்கள். சீர்ப் புடவையை அவரே எடுக்கட்டும், ஆரணி பக்கத்தில்தானே, கடைக்கு நீங்கள் போய் வீடியோ காலில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுங்கள், முந்தானையைத் திருப்பச் சொல்லி அவர் நச்சரிக்கட்டும். தட்டை அவர் மாமியார் வீட்டிலிருந்து யாராவது தூக்கி வரலாம். மாமா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி போட்டு லேப்டாப்பை வைத்து, அவர் குரலைப் பந்தல் ஸ்பீக்கரில் விடுங்கள். பட்டம் கட்டுவது வேறு கையாக இருந்தாலும், "கட்டுங்க" என்று சொல்வது அவர் குரலாக இருக்கட்டும். அந்த நேரம் நீங்கள் அழுதால் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாப்பிள்ளை அமெரிக்காவில், நான் ஆம்பூரில். லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் அவர் பார்க்க, அவர் அக்கா எனக்குத் தாலி கட்டினால் சட்டப்படி செல்லுமா?
- வாசகி, ஆம்பூர்

பதில்: அவசரப்படாதேம்மா. 2022 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை காணொலி வழியாகத் திருமணத்தை நடத்திப் பதிய உத்தரவிட்டது உண்மை. ஆனால் அது 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி, அந்த மாப்பிள்ளை இந்தியா வந்து மனு கொடுத்து, 30 நாள் நோட்டீஸும் முடிந்து, அதன்பின் திரும்பிப் போன வழக்கு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நீ போய்க் கேட்டால் தானாகக் கிடைத்துவிடாது. இன்னொன்று, மணமக்கள் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த கல்யாணத்தை, அதற்குப் பிறகு தாம்பத்தியம் நடந்திருந்தால் ஒழிய, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்காது. விசாவில் மாட்டிக்கொள்வாய். இப்போதைக்கு நிச்சயதார்த்தத்தை வீடியோவில் வைத்துக்கொள்ளுங்கள். தாலி அவர் கையால், அவர் வந்த பிறகு. கட்டினதும் 90 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், 2009 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம்.

கேள்வி: பத்திரிகையில் ஜிபே ஸ்கேன் கோடு அச்சடித்தால் தப்பா? வர முடியாதவர்கள் மொய்க்கு என்ன செய்வார்கள்?
- வாசகர், வாலாஜா

பதில்: பத்திரிகையில் வேண்டாம் தம்பி, பிள்ளையார் சுழிக்குக் கீழே ஸ்கேன் கோடு நன்றாக இருக்காது. கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். பணம் வந்த அன்றே மொய் நோட்டில் ஊர், தகப்பன் பேரோடு எழுதிவிடுங்கள். போனில் 'எம். குமார்' என்று மட்டும்தான் வரும், அது எந்தக் குமார் என்று நாளைக்கு அவர் வீட்டுக் காதுகுத்துக்குத் திருப்பிச் செய்யும்போது தேட வேண்டியிருக்கும்.