4294967297 பகா எண்ணா?

2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் கிடைக்கும் 4294967297 பகா எண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது 641 × 6700417 எனப் பிரியும் பகு எண். இதே வகையில் (2இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு 1 கூட்டினால்) முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதால், கணிதவியலாளர் ஃபெர்மா இதையும் அப்படியே நம்பினார். அது தவறென்று 1732இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார்.

நீளமாக வகுத்துப் பார்க்காமலே இதை நிறுவலாம்; அந்த வழியின் அழகு எனக்கு இன்றும் சலிக்கவில்லை. 641 = 5 × 2⁷ + 1 ஆகையால், 5 × 2⁷ என்பதை 641ஆல் வகுக்கும்போது மீதியை −1 என்று கொள்ளலாம்; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ இன் மீதி 1 ஆகிறது. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴ என்பதும் உண்மை (625 + 16 என்று கூட்டிப் பாருங்கள்), ஆகவே 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ ஐ வைத்தால் −2³² இன் மீதி 1 என்றாகிறது; அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

641ஐத் தேடிப் பிடிப்பதும் கடினமன்று. இவ்வெண்ணின் பகாக் காரணிகள் 64இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்க வேண்டும் என்று ஆய்லரே பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வருவதால், ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. மற்றொரு காரணியான 6700417உம் பகா எண்ணே.